பழைய ஜெர்மன் விமான இயந்திரத் துப்பாக்கிகளின் பாகங்களை அடையாளம் காண்பதும் பெயரிடுவதும்: முழுமையான வழிகாட்டி

துருப்பிடித்த இரும்புத் துண்டையோ அதன் படத்தையோ வைத்துக்கொண்டு "இது எந்தத் துப்பாக்கியுடையது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். விற்றவரோ, கொடுத்தவரோ ஏற்கெனவே ஒரு பெயரைச் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு, அந்தப் பெயருக்கு ஒத்துவரும் அடையாளங்கள் மட்டுமே கண்ணில் படும்; ஒத்துவராதவை தப்பிவிடும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறந்தன. முதலில் பாகத்தின் வேலை, அடுத்து அளவு, அதற்கடுத்து முத்திரை, கடைசியில் பெயர் என்ற வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அருங்காட்சியகப் பட்டியல் தயாரிப்பவர்கள், மாதிரி விமானம் கட்டுபவர்கள், விமானச் சிதைவுகளின் படங்களைப் படித்துப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து எம்.ஜி. 15, எம்.ஜி. 17, எம்.ஜி. 81, எம்.ஜி. 131, எம்.ஜி. 151, எம்.ஜி. எஃப்.எஃப். ஆகியவையே இதன் எல்லை; எம்.ஜி. என்பது இயந்திரத் துப்பாக்கிக்கான ஜெர்மன் சொல்லின் சுருக்கம். பழுதுபார்ப்பதும் இயக்குவதும் இதில் இல்லை.

1. தொடும் முன்: பாதுகாப்பும் சட்டமும்

சிதைவிலிருந்து வந்த பொருள் என்றால், அதில் தோட்டா எதுவும் இல்லை என்று உறுதியாகும்வரை கை வைக்காதீர்கள். தோட்டா ஊட்டும் பகுதியில் மண்ணோடு மண்ணாக இறுகிப்போன தோட்டா இருக்கலாம். 20 மி.மீ. சுரங்கக் குண்டு என்பது மெல்லிய சுவருக்குள் வெடிமருந்து நிரப்பி, நுனியில் வெடிதூண்டி பொருத்திய பொருள். வருடங்கள் ஆனதால் அது ஆபத்து குறைந்ததாகிவிடாது. குண்டுத் தலையோடு எதையேனும் கண்டால் துடைக்க வேண்டாம், நகர்த்த வேண்டாம், காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் முதலிலேயே பார்க்க வேண்டும். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதங்களின் பாகங்களையும் ஆயுதம் என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது. தானியங்கித் துப்பாக்கிகள் அதில் தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள். ஜெர்மனியின் போர் ஆயுதப் பட்டியலிலும் குழலும், குழலின் பின்முனையை மூடும் பூட்டுக் கட்டையும் தனியாகவே குறிப்பிடப்பட்டுள்ளன. "வெறும் பாகம்தானே" என்ற எண்ணம் இங்கெல்லாம் செல்லாது. நம்மில் பெரும்பாலோர் படங்களையும் அருங்காட்சியகப் பொருள்களையும் வைத்தே இந்த வேலையைச் செய்கிறோம். அதற்கு இந்த முறை முழுமையாகப் போதும்.

2. கையில் வேண்டியவை

வெர்னியர் காலிபர், எஃகு அளவுகோல், சிறு காந்தம், எடைபோடும் தராசு, மென்மையான தூரிகை, மரக்குச்சி, மெல்லிய தாள், பென்சில், ஒரு டார்ச். கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் மேசை மேலேயே இருக்கக் கூடாது. முத்திரைகளின் ஆழம் சில இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்குதான். துருவைச் சுரண்டும் கை, ஆதாரத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடும்.

டார்ச்சைப் பாகத்துக்கு நேர் எதிரே பிடிக்காமல், பரப்பை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும் இடத்தில், சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். அப்போதும் தெளிவில்லை என்றால் தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாக உரசுங்கள்.

ஆறு பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் இருக்கட்டும். அருகில் நாணயம் வைத்து எடுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. வேறு நாட்டில் இருந்து பார்ப்பவருக்கு அந்த நாணயத்தின் அளவு தெரியாது.

ஒப்பிட்டுப் பார்க்க, அந்தக் காலத்து விமானக் கையேடுகளின் ஆயுதப் பகுதியும், உதிரிபாகப் பட்டியல்களும் வேண்டும். பட்டியலில் படமும் எண்ணும் பெயரும் ஒரே இடத்தில் இருக்கும் என்பதால், கையேட்டைவிடப் பெயரிடுதலுக்கு அதுவே பயன்படும். நேரில் பார்க்க முடிந்தவர்களுக்கு, ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரிலுள்ள படைத்துறைத் தொழில்நுட்ப ஆய்வுத் தொகுப்பும், பெர்லின்-காட்டோ விமானத்தள அருங்காட்சியகமும் நல்ல இடங்கள்.

3. துப்பாக்கியின் எண்ணைச் சரியாகப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. எம்.ஜி. 131 என்றால் 13 மி.மீ. விட்டத்தில் முதல் வகை, எம்.ஜி. 151 என்றால் 15 மி.மீ. விட்டத்தில் முதல் வகை. எம்.ஜி. 81இல் உள்ள 8, 7.92 மி.மீட்டரை முழு எண்ணாக்கியது. இந்த விதியைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில், எம்.ஜி. 15ஐ 15 மி.மீ. என்றும் எம்.ஜி. 17ஐ 17 மி.மீ. என்றும் எழுதிவிடுகிறார்கள். அவை இரண்டும் இந்த முறைக்கு முந்தைய பெயர்கள், இரண்டுமே 7.92 மி.மீ. தான்.

சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் மாற்றப்பட்ட விட்டத்தைக் குறிக்கும். எம்.ஜி. 151/20 என்பது 15 மி.மீ. துப்பாக்கியை 20 மி.மீட்டருக்கு மாற்றிய வகை. எண்ணுக்குப் பின் 'இசட்' எழுத்து வந்தால் இரட்டைத் துப்பாக்கி. எம்.ஜி. 81இசட் என்பது இரண்டு எம்.ஜி. 81ஐ ஒன்றாகப் பிணைத்தது. 30 மி.மீ. ஆயுதங்களுக்கு எம்.கே., அதாவது இயந்திரப் பீரங்கி என்ற முன்னொட்டு. எம்.கே. 108 அப்படிப்பட்டது. 20 மி.மீ. எம்.ஜி. எஃப்.எஃப். சுவிட்சர்லாந்தின் ஓர்லிகோன் வடிவமைப்பிலிருந்து வந்ததால் எண் முறைக்குள் அடங்காது.

4. பாகம் என்ன வேலை செய்தது?

பெயரையும் முத்திரையையும் மறந்துவிட்டு, பாகத்தை இந்தக் குழுக்களில் ஒன்றில் வையுங்கள்: குழல், கூடு (மற்ற பாகங்களைத் தாங்கும் துப்பாக்கியின் உடல்), பூட்டு, சுருள்வில், தோட்டா ஊட்டி, சுடுவிசை, குறிபார்ப்பு, தாங்கி, மின்சார அல்லது காற்றழுத்தக் கருவி. வேலையை முதலில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. முத்திரை அழியும், வண்ணம் மாறும், அளவு துருவால் கூடும் குறையும். பாகம் நகர்ந்த விதத்தின் சுவடு மட்டும் உலோகத்திலேயே தங்கிவிடும். பளபளப்பாகத் தேய்ந்த பக்கம் எது, அடிபட்டு மழுங்கிய முனை எது என்று பாருங்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் பேசுவது பூட்டுப் பகுதி. அதனால் இங்கே சற்று நிற்போம்.

எம்.ஜி. 15, 17, 131 மூன்றும் ரைன்மெட்டால் நிறுவனத்தின் குடும்பம். சுடும்போது குழலும் பூட்டுக் கட்டையும் சிறிது தூரம் சேர்ந்தே பின்னால் போகும். இரண்டையும் பிணைப்பது, குழலின் பின்முனையைச் சுற்றியிருக்கும் ஒரு வளையம். அந்த வளையம்தான் சுழலும். பூட்டுக் கட்டை சுழலாமல் நேராக மட்டுமே போய்வரும். ஆகவே உட்புறத்தில் மரை வெட்டி, இடையிடையே மரையை வழித்து எடுத்த ஒரு தடித்த வளையம் கிடைத்தால் முதலில் இந்தக் குடும்பத்தை நினையுங்கள். பூட்டுக் கட்டையின் முன்பகுதியிலும் அதே மாதிரி துண்டு துண்டான மரை இருக்கும். இந்த வளையத்தைக் "குழல் நட்டு" என்று பதிந்திருப்பதைப் பல பட்டியல்களில் பார்க்கிறேன். நட்டு இறுக்கினால் நிற்கும். இது ஒவ்வொரு சுடுதலுக்கும் திரும்பியது. அதன் வெளிப்புறத்தில் உள்ள தேய்மானமே அதைச் சொல்லிவிடும்.

எம்.ஜி. 81 மவுசர் நிறுவனத்தின் படைப்பு, தரைப்படையின் எம்.ஜி. 34இலிருந்து வந்தது. இதில் சுழல்வது பூட்டின் தலை. எம்.ஜி. 151இலும் பூட்டின் தலையே சுழலும், ஆனால் அளவு மிகப் பெரிது. சுழலும் தலையோடு சிறிய பூட்டு கிடைத்தால் எம்.ஜி. 81 என்று உடனே எழுதிவிடக் கூடாது, எம்.ஜி. 34 பூட்டு சந்தையில் ஏராளம். இரண்டின் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

எம்.ஜி. எஃப்.எஃப். முற்றிலும் வேறு இனம். அதில் பூட்டுப் பிணைப்பே கிடையாது. கனமான பூட்டுக் கட்டையின் எடைதான் அழுத்தத்தைத் தாங்கியது. அதன் பெரிய சுருள்வில் குழலைச் சுற்றியே அமைந்திருந்தது. குழல் நுழையும் அளவுக்கு அகன்ற நீள் சுருள்வில் கிடைத்தால் ரைன்மெட்டால் குடும்பத்தில் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

அடுத்தது, தோட்டாவைப் பற்றவைக்கும் அடிமுள். சாதாரண அடிமுள் முழுதும் உலோகம். எம்.ஜி. 131இல் தோட்டாவின் மருந்து மின்சாரத்தால் பற்றியது, எம்.ஜி. 151இலும் அப்படிப்பட்ட வகை உண்டு. அவற்றில் அடிமுள்ளைச் சுற்றி மின்காப்புப் பொருள் இருக்கும். துப்பாக்கிக்குள் மின்காப்பு வளையம் தெரிந்தால், அதை அழுக்கு என்று குத்தி எடுத்துவிட வேண்டாம். விட்டத்துக்கு அடுத்தபடி இதைவிட உறுதியான தடயம் கிடைப்பது அரிது.

சுடுவிசைப் பகுதியைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இது மனிதக் கைக்காகச் செய்ததா? எம்.ஜி. 15 பின்னால் அமர்ந்த வீரர் கையால் திருப்பிச் சுட்டது; எம்.ஜி. 17 விமானத்தில் நிலையாகப் பொருத்தியது. எம்.ஜி. 17 சுழலும் காற்றாடிக்கு இடையே சுட வேண்டியிருந்ததால் பூட்டு மூடிய நிலையில் காத்திருந்தது, இயக்கமும் தொலைவிலிருந்தே நடந்தது. ஆகவே கைப்பிடியும் விரல் விசையும் அதில் எதிர்பார்க்க முடியாது. போரின் கடைசிக் காலத்தில் எம்.ஜி. 15கள் சிலவற்றுக்குத் தோள்கட்டையும் இருகால் தாங்கியும் மாட்டித் தரையில் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட தோள்கட்டையை விமானப் பாகம் என்று எழுதுவது தவறு. "தரைப் பயன்பாட்டு மாற்றம்" என்று தனியாகக் குறிக்க வேண்டும்.

5. அளந்து பாருங்கள்

குழலின் உள்விட்டத்தை மூன்று இடத்தில் அளந்து, மூன்றையும் எழுதுங்கள். சராசரியை மட்டும் எழுதினால் துரு செய்த மாற்றம் மறைந்துவிடும். 7.92 மி.மீ. என்பது பெயரளவு. அந்தக் குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய வரிப்பள்ளம் முதல் எதிர்ப்பள்ளம் வரை அளந்தால் ஏறத்தாழ 8.2 மி.மீ. வரும். இதைப் பார்த்து "வேறு துப்பாக்கி" என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு.

குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையின் அளவு இன்னும் உறுதியானது. விட்டத்தோடு தோட்டாக் கூட்டின் நீளத்தைச் சேர்த்தே வகை பிரிப்பார்கள்: எம்.ஜி. 15, 17, 81 மூன்றுக்கும் 7.92×57; எம்.ஜி. 131க்கு 13×64, எம்.ஜி. 151க்கு 15×96, எம்.ஜி. 151/20க்கு 20×82, எம்.ஜி. எஃப்.எஃப்.க்கு 20×80. இரண்டு 20 மி.மீ. வகைகளின் நீளத்தில் வேறுபாடு 2 மி.மீ. மட்டுமே என்பதால், அங்கே நீளத்தை நம்பாமல் கூட்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். எம்.ஜி. எஃப்.எஃப். தோட்டாவின் விளிம்பு கூட்டின் உடலைவிடச் சிறியது.

எம்.ஜி. 151இன் இரண்டு வகைகளையும் பிரிக்கும் இடத்தில் பொறுமை தேவை. 15 மி.மீ. துப்பாக்கியின் மொத்த நீளம் 1,916 மி.மீ.; 20 மி.மீ. வகை 1,766 மி.மீ. குழலில்தான் பெரிய வேறுபாடு. 15 மி.மீ. தோட்டாக் கூட்டைக் குறுக்கி வாயை அகலமாக்கியே 20 மி.மீ. தோட்டாவை உருவாக்கினார்கள். அதனால் துப்பாக்கியின் மற்ற பல பாகங்கள் இரண்டுக்கும் பொது. தனியாகக் கிடைத்த துப்பாக்கிக் கூட்டையோ ஊட்டிப் பகுதியையோ "151/20" என்று எழுத ஆதாரம் இருக்காது, "எம்.ஜி. 151 குடும்பம்" என்பதோடு நிறுத்துவதுதான் நேர்மை.

6. முத்திரைகளைப் பிரித்துப் படியுங்கள்

இரும்பில் தெரியும் எல்லா எண்ணும் ஒரே வகை அல்ல. வரிசை எண், பாக எண், வார்ப்பு எண், தயாரிப்பாளர் குறியீடு, ஆய்வு முத்திரை, ஆண்டு எனக் குறைந்தது ஆறு வகை கலந்திருக்கும். அனைத்தையும் கண்ட வரிசையிலேயே தாளில் எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இனம் பிரியுங்கள்.

தயாரிப்பாளர் குறியீடு: தொடக்கத்தில் நிறுவனத்தின் சின்னமே இருக்கும். ரைன்மெட்டாலுக்கு வட்டத்துக்குள் ஒரு சாய்சதுரம். பிறகு, எந்த ஆலை என்பதை மறைக்கச் சிறிய எழுத்துக் குறியீடுகள் வந்தன. 'பி-ஒய்-எஃப்' (byf) என்றால் ஓபெர்ன்டார்ஃப் நகரின் மவுசர் ஆலை. 1945இல் அதே ஆலைக்கு 'எஸ்-வி-டபிள்யூ'. தோட்டாக் கூட்டில் 'ஏ-யு-எக்ஸ்' என்றிருந்தால் மாக்டெபுர்க் நகரின் போல்ட்டெ ஆலை. அதற்கு முன் அந்த ஆலை 'பி' (P) என்ற ஒற்றை எழுத்தைப் பயன்படுத்தியது.

ஆய்வு முத்திரை: கழுகும் எண்ணும் கொண்ட சிறு முத்திரையைப் பார்த்தவுடன் அதைத் தயாரிப்பாளர் என்று எண்ணிவிடுகிறார்கள். அது பாகத்தைச் சோதித்து ஏற்றுக்கொண்ட அதிகாரியின் அடையாளம். விமானப்படைப் பொருள்களில் 'பி.ஏ.எல்.' (BAL) என்ற ஆய்வு முத்திரையையும் எதிர்பாருங்கள்.

கோரல் எண்: 'எஃப்.எல்.' என்று தொடங்கி ஐந்து இலக்கம் வரும் எண், கிடங்கிலிருந்து பொருளைக் கேட்டுப் பெறும் எண். 'எல்.என்.' என்று தொடங்கினால் அது தகவல்தொடர்புக் கருவி. துப்பாக்கிப் பெட்டியோடு சேர்ந்து வந்திருந்தாலும் அதைத் துப்பாக்கிக் குவியலிலிருந்து பிரித்துவிடுங்கள்.

விமான எண்: தாங்கிகளிலும் மூடிகளிலும் '109.' என்று தொடங்கும் நீண்ட எண் இருந்தால் அது பி.எஃப். 109 என்ற ஜெர்மன் போர் விமானத்தின் பாக எண். துப்பாக்கியின் எண்ணோடு அதைக் குழப்ப வேண்டாம்.

ஜெர்மன் வடிவம், ஆனால் ஜப்பானிய எழுத்து: இதைப் போலி என்று ஒதுக்காதீர்கள். எம்.ஜி. 15ஐ ஜப்பானியத் தரைப்படை 98 வகை என்ற பெயரிலும், கடற்படை 1 வகை என்ற பெயரிலும் தயாரித்தன. எம்.ஜி. 131இன் வடிவம் ஜப்பானியக் கடற்படையின் 2 வகை 13 மி.மீ. துப்பாக்கியாயிற்று.

7. துணைக் கருவிகளைத் தனியே வையுங்கள்

தோட்டா வட்டப்பெட்டி: எம்.ஜி. 15க்கு 75 தோட்டா கொள்ளும் இரட்டை வட்டப்பெட்டி. குதிரைச் சேணம்போல் துப்பாக்கியின் இருபக்கமும் தொங்கும். எம்.ஜி. 34க்கும் 75 தோட்டா இரட்டைப் பெட்டி இருந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். தோட்டா வெளியே வரும் வாயை ஒப்பிடாமல் பெயர் எழுதக் கூடாது.

தோட்டாப் பட்டை: எம்.ஜி. 17, 81, 131, 151 ஆகியவை பட்டையில் ஊட்டியவை. சுட்டதும் கண்ணிகள் தனித்தனியாகக் கழன்றன. கழன்ற ஒற்றைக் கண்ணிதான் சிதைவிடங்களில் அதிகம் கிடைக்கும் பொருள். அதன் உள்வளைவை அளந்தாலே 7.92, 13, 15/20 என்று பிரிந்துவிடும். ஊட்டிப் பகுதியில் இடம், வலம் என்று எதிரெதிர் அமைப்புகள் உண்டு. ஆகவே படம் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பியிருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.

மின்சாரக் கருவிகள்: 'ஈ.பி.டி.' (EPD) மின்-காற்றழுத்த முறையில் துப்பாக்கியைத் தயார்நிலைக்குக் கொண்டுவரும் பெட்டி. 'எஸ்.இசட்.கே.கே.' விமானியின் முன்னால் இருந்த, மீதமுள்ள தோட்டாக்களைக் காட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி. 'ரெவி' எனப்படுவது ஒளிப் பிரதிபலிப்புக் குறிபார்ப்பான். ரெவி சி/12 டி, ரெவி 16 பி ஆகியவை அடிக்கடி கண்ணில் படும். இவை எதுவும் துப்பாக்கியின் பாகம் அல்ல; ஆயுத அமைப்பின் பாகங்கள். பட்டியலில் அந்தப் பிரிவைப் பின்பற்றினால் தேடுபவருக்குப் பெரிய உதவி.

8. விமானத்தோடு பொருத்திப் பாருங்கள்

கிடைத்த இடமும் விமான வகையும் தெரிந்தால் அதை இப்போது பயன்படுத்துங்கள். இதற்கு முன்னால் அல்ல. பி.எஃப். 109 ஈ-3இல் மூக்கில் இரண்டு எம்.ஜி. 17, இறக்கைகளில் இரண்டு எம்.ஜி. எஃப்.எஃப். இருந்தன. அதே விமானத்தின் எஃப்-2 வகையில் காற்றாடி அச்சின் வழியே 15 மி.மீ. எம்.ஜி. 151, எஃப்-4இல் அதே இடத்தில் 151/20. ஜி-6இல் மூக்குத் துப்பாக்கிகள் எம்.ஜி. 131 ஆகிவிட்டன. யு. 87 குண்டுவீச்சு விமானத்தின் பி வகையில் பின்னிருக்கையில் எம்.ஜி. 15, டி வகையில் எம்.ஜி. 81இசட்.

நீங்கள் வேலை, அளவு, முத்திரை வழியாக வந்த முடிவு இதோடு ஒத்தால் நல்லது. ஒத்துவரவில்லை என்றால் விமானத்தை நம்பிப் பாகத்தின் பெயரை மாற்றாதீர்கள். களத்தில் ஆயுத மாற்றங்கள் நடந்தன. ஒரே குவியலில் இரண்டு விமானங்களின் சிதைவு சேர்ந்திருப்பதும் சாதாரணம்.

முதல் உலகப் போர்த் துப்பாக்கிகளுக்கு இந்த முறை பொருந்தும், பெயர்கள் பொருந்தாது. எல்.எம்.ஜி. 08/15, ஹைரம் மாக்சிம் வடிவமைத்த இயந்திரத் துப்பாக்கியின் இனம். குழலின் உறையில் காற்று புக நீண்ட பிளவுகள் இருக்கும். அதன் பூட்டுத் தொகுதி ஜெர்மனில் 'ஷ்லோஸ்'. பின்னாளில் வந்த துப்பாக்கிகளில் அதே வேலைக்கு 'ஃபெர்ஷ்லுஸ்' என்பார்கள். ஒரு காலத்துச் சொல்லை இன்னொரு காலத்துப் பாகத்துக்குப் போட்டால், உதிரிபாகப் பட்டியலில் அந்தப் பெயர் கிடைக்கவே கிடைக்காது.

9. இப்போது பெயர் எழுதுங்கள்

ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று பெயர் எழுதும்படி எல்லோரிடமும் சொல்கிறேன்: வேலையைச் சொல்லும் தமிழ்ப் பெயர், உதிரிபாகப் பட்டியலில் உள்ள ஜெர்மன் பெயர், துப்பாக்கியின் வகை. தமிழ்ப் பெயர் படிப்பவருக்காக; ஜெர்மன் பெயர் மேலும் தேடுபவருக்காக.

அடிக்கடி தேவைப்படுபவை: குழல் (லாவ்ஃப்), கூடு (கெஹோய்ஸ), பூட்டுக் கட்டை (ஃபெர்ஷ்லுஸ்), அடிமுள் (ஷ்லாக்போல்ட்ஸன்), மீள்சுருள்வில் (ஷ்லீஸ்ஃபேடர்), தோட்டாக் கூட்டை அறையிலிருந்து இழுக்கும் கொக்கி (அவுஸ்ட்ஸீயர்), தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் முனை (அவுஸ்வெர்ஃபர்), தோட்டா ஊட்டி (ட்ஸூஃப்யூரர்), பட்டை (குர்ட்), சுடுவிசை (அப்ட்ஸூக்), தாங்கி (லஃபெட்டெ). கொக்கியையும் தள்ளும் முனையையும் மாற்றி எழுதுவது மிகச் சாதாரணமான பிழை. கொக்கிக்கு நகம்போல் வளைந்த விளிம்பு இருக்கும்; தள்ளும் முனைக்கு அது இருக்காது.

பெயருக்குப் பக்கத்தில் உறுதியின் அளவையும் எழுதுங்கள். முத்திரையும் அளவும் ஒத்தால் "உறுதி". வடிவம் மட்டும் ஒத்தால் "பெரும்பாலும்". குடும்பம் மட்டும் தெரிந்தால் குடும்பத்தின் பெயர். எந்த ஆதாரத்தால் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். "எம்.ஜி. 131, பூட்டுக் கட்டை, உறுதி: மின்காப்பிட்ட அடிமுள், 13 மி.மீ. தோட்டாவுக்கான முகப்பு" என்று எழுதினால், நாளை வேறொருவர் அதைச் சரிபார்க்கவும் திருத்தவும் முடியும். வெறும் "எம்.ஜி. 131 பாகம்" என்று எழுதினால் அவர் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

10. இன்னும் பிடிபடவில்லை என்றால்

நிபுணரிடமோ அருங்காட்சியகத்திடமோ கேட்கும்போது உங்கள் யூகத்தை முதல் வரியில் எழுத வேண்டாம். அவர்களுடைய கண்ணையும் அது ஒரே பக்கம் இழுக்கும். ஆறு பக்கப் படங்கள், மூன்று இட அளவுகள், எடை, காந்தம் ஒட்டுகிறதா என்ற குறிப்பு, முத்திரைகளின் பென்சில் உரசல், கிடைத்த இடம் ஆகியவற்றை அனுப்புங்கள். படிக்க முடியாத எழுத்து இருந்தால் அதை ஊகித்து நிரப்பாமல், அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். உங்கள் யூகத்தைக் கடைசி வரியில், அதற்கான காரணத்தோடு சேர்த்து எழுதலாம்.